இனி உதிரி வராது என்றால் பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

திருமங்கலத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 5 ஜூலை 2024

நின்டென்டோவின் வீ யூ வீடியோ கேம் இயந்திரத்துக்கு ஜப்பானில் இனிப் பழுது பார்ப்பதில்லை, உதிரிகள் தீர்ந்துவிட்டன என்று செய்தி படித்தேன். என்னிடம் இருப்பது அதைவிடப் பழையது. பிளேஸ்டேஷன் 2, தடித்த மாடல். டிஸ்க்கை வாங்குகிறது, சுழற்றுகிறது, பிறகு படிக்க முடியவில்லை என்கிறது. வீட்டில் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். மதுரையில் இதற்கு இன்னும் யாராவது கை வைக்கிறார்களா, அல்லது கதை முடிந்ததா?

6 ஜூலை 2024, காலை

முடியவில்லை. காயலான் கடைக்குப் போடாதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள்.

நான் வில்லாபுரத்தில் 2005 முதல் 2012 வரை நான்கு பிளேஸ்டேஷன் 2 வைத்து, மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டு, வீடியோ கேம் கடை நடத்தியவன். இப்போது அதே கடையில் டிவி, ஆம்ப்ளிஃபையர், இந்தப் பெட்டிகள் என்று பழுது பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் கோளாறு நான் அதிகம் பார்ப்பது. ஒன்று, டிஸ்க்கைப் படிக்கும் லேசர் கண்ணில் தூசி படிந்திருக்கும். அல்லது கண்ணே மங்கியிருக்கும். முதலாவது என்றால் அரை மணி நேர வேலை.

வீ யூவோடு இதை ஒப்பிட வேண்டாம். அது 2012 இறுதியில் வந்து 2017 ஜனவரியில் உற்பத்தி நின்ற இயந்திரம். விற்றதே ஒன்றரைக் கோடிக்குள்தான். சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்று வந்தது, 2018 வரை தயாரித்தார்கள், 16 கோடி விற்றது. அத்தனை கோடிப் பெட்டிகள் உலகத்தில் இருக்கும்போது ஒன்றின் உதிரி இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும்.

6 ஜூலை 2024, இரவு

திருத்தம். 2018 வரை தயாரித்தார்கள் என்று காலையில் எழுதியது தவறு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், நன்றி. ஜப்பானில் கடைகளுக்கு அனுப்புவது 2012 டிசம்பர் 28-இல் நின்றது. மற்ற நாடுகளுக்கும் சேர்த்து உற்பத்தி முடிந்தது என்ற செய்தி 2013 ஜனவரி 4-இல் வந்தது. 2018 என்பது ஜப்பானில் பழுது பார்ப்பதை நிறுத்திய ஆண்டு. ஆகஸ்ட் 31 வரை விண்ணப்பிக்கலாம், பெட்டி செப்டம்பர் 7-க்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள்.

இரண்டும் எனக்குக் குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. உற்பத்தி நின்ற செய்தி என்னைப் பாதிக்கவில்லை. அதற்குள் கடையை மூடிவிட்டேன். 2018 செய்திதான் நெஞ்சில் தைத்தது. சோனி தன் பிள்ளையைத் தானே கைவிட்டதுபோல் இருந்தது.

7 ஜூலை 2024

சிம்மக்கல் நண்பர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, இப்போது செல்போனிலேயே, அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் போட்டு அந்த விளையாட்டுகளை ஆடலாம். இந்த இரும்புப் பெட்டிக்கு எதற்கு இவ்வளவு பாடு?"

தம்பி, நீங்கள் கிரிக்கெட் 07 ஆடியிருக்கிறீர்களா? அதில் மட்டை வீசும் கணம்தான் எல்லாமே. பந்து தரையில் பட்டு எழும்போது பொத்தானை அழுத்த வேண்டும், ஒரு துளி பிந்தினால் பவுல்டு. புதிய தட்டை டிவியில் இந்தப் பெட்டியை மாட்டினாலே எனக்கு எல்லாப் பந்தும் பிந்துகிறது. அந்த டிவி பழைய சிக்னலை வாங்கி, பெரிதாக்கி, சீராக்கி, அதன் பிறகுதான் திரையில் காட்டுகிறது. பழைய குழாய் டிவியில் அந்த வேலை கிடையாது. சிக்னல் வர வரக் கோடு கோடாகப் படம் விழுந்துகொண்டே இருக்கும்.

என் கடையில் இன்னும் சோதனைக்கு வைத்திருப்பது அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி வீட்டில் மூலையில் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன். அதில் ஆடிப் பாருங்கள். கை நினைத்த கணத்தில் மட்டை இறங்கும். செல்போன் கண்ணாடியில் விரலைத் தேய்த்து அந்த உணர்வு வராது. வரவே வராது.

10 ஜூலை 2024

திருமங்கலத்துப் பெட்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன்.

14 ஜூலை 2024

திறந்தேன். பலரும் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

தடித்த மாடலின் அடியில் ரப்பர் பாதங்களும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கும். அவற்றை நெம்பி எடுத்தால் திருகுகள் தெரியும். மேல் மூடியை அவசரமாகத் தூக்கக் கூடாது, முன்பக்கப் பொத்தானுக்குப் போகும் மெல்லிய பட்டை வயர் கிழிந்துவிடும். முக்கியமாக, இந்த மாடலில் மின்சாரப் பலகை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, நேராக வீட்டு மின்சாரம் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய உடனே கை வைக்காதீர்கள். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தது. காற்றாடியின் இறக்கைகளுக்கு நடுவில் தூசி கம்பளி போலத் திரண்டிருந்தது. இதை வைத்தே சொல்லிவிடலாம், இந்தப் பெட்டி பல வருடங்கள் கீழே, தரையோடு தரையாக, கால் மிதிக்கும் இடத்தில் இருந்திருக்கிறது.

லேசர் கண்ணைத் துடைத்தேன். காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு, அழுத்தாமல் ஒரே சுற்று. பழைய சிடி படித்தது. டிவிடி படிக்கவில்லை. இந்தக் கண்ணுக்குள் இரண்டு வேறு அலைநீள ஒளி இருக்கிறது, சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒன்று தளர்ந்து இன்னொன்று பிழைத்திருப்பது சகஜம். ஆக இது தூசிக் கோளாறு இல்லை. கண்ணையே மாற்ற வேண்டும்.

இந்த மாடலில் கண்ணின் சாய்வைச் சரிசெய்ய ஒரு வெள்ளைப் பல்சக்கரம் இருக்கிறது. வேறு யாரோ முன்பே அதைத் திருகியிருக்கிறார்கள். முதலில் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. தயவு செய்து கேளுங்கள்: அதைத் தொடுவதற்கு முன் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொரு பல்லாகத்தான் நகர்த்துங்கள். ஒரு கோடு போடாததால் எத்தனை நல்ல பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கின்றன!

15 ஜூலை 2024

"புதுக் கண் கிடைக்கிறதே, இணையத்தில் மலிவாக விற்கிறார்களே" என்கிறார் ஒருவர்.

கிடைக்கிறது. நானும் வாங்கினேன், போன வருடம், கூரியரில், நான்கு. புதியது என்றுதான் அட்டையில் எழுதியிருந்தது. நான்கில் ஒன்று முதல் நாளே படிக்கவில்லை, இரண்டு மூன்றே வாரத்தில் படுத்துவிட்டன. வாடிக்கையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு புதியது என்று எழுதியதை நான் நம்புவதில்லை. இறந்த பெட்டியிலிருந்து கழற்றிய பழைய கண்ணைத்தான் தேடுகிறேன்.

புதியதை வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒன்று கவனியுங்கள். அதன் சிறு பலகையில் கடுகளவு ஈயப்பொட்டு ஒன்று இரண்டு முனைகளைச் சேர்த்து வைத்திருக்கும். வழியில் நிலைமின்சாரம் தாக்கிவிடாமல் இருக்கப் போடுவது. பொருத்தியபின் அதைச் சுட்டு எடுக்காவிட்டால் கண் ஒளிராது. இது தெரியாமல் புதுக் கண்ணை "செத்தது" என்று வீசியவர்களை எனக்குத் தெரியும்.

21 ஜூலை 2024

கண் கிடைத்தது. காயலான் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன், இரண்டு உடைந்த பெட்டிகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்றின் பலகை உப்புப் பூத்துப் போயிருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. மாற்றிவிட்டேன். டிவிடி படிக்கிறது. இனி வீட்டில் காயலான் கடை என்ற பேச்சை யாராவது எடுத்தால், உங்கள் பெட்டிக்குக் கண் அங்கிருந்துதான் வந்தது என்று சொல்லுங்கள்.

30 ஜூலை 2024

நேற்றோடு மைக்ரோசாஃப்டின் கேம் இயந்திரமான எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையும் மூடப்பட்டது. அதன் உற்பத்தி 2016-இலேயே நின்றது. ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. டிஸ்க்காக வராமல் அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளை நாளைக்கு ஒரு சிறுவன் எங்கே போய் வாங்குவான்?

பிளேஸ்டேஷன் 2-க்கு அந்தக் கஷ்டம் இல்லை. எல்லாம் டிஸ்க். பெட்டியின் உற்பத்தி 2013 ஜனவரியில் முடிந்தும் அந்த ஆண்டு நவம்பர் வரை அதற்குப் புது விளையாட்டு வந்தது. ஐரோப்பாவில் கடைசியாக வந்தது ப்ரோ எவலூஷன் சாக்கர் 2014. தாய் போன பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தன.

18 ஆகஸ்ட் 2024

திருமங்கலத்துக்காரர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். வரும்போது மெமரி கார்டையும் கொண்டு வந்திருந்தார். ஓட்டிக் காட்டினேன். திரை கறுத்து, அந்த நீல மூட்டத்தில் தூண்கள் எழுந்தன. மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இதை வைத்திருந்தும் கவனிக்காதவர்கள் உண்டு, சொல்கிறேன். பெட்டியைப் போட்டதும் முதலில் வரும் காட்சியில் சதுரத் தூண்கள் நிற்கும். அது வெறும் அலங்காரம் இல்லை. மெமரி கார்டில் நீங்கள் சேமித்த ஆட்டங்களின் கணக்கு அது. புதிய கார்டு போட்டால் வெறும் மூட்டம்தான். ஆட ஆடத் தூண்கள் முளைக்கும், அடிக்கடி ஆடியதற்கு உயரம் கூடும். என் கடைப் பையன்கள் அதை ஆயிரங்கால் மண்டபம் என்பார்கள். மூன்றாம் மேசைக் கார்டில்தான் மண்டபம் பெரியது, அதனால் அந்த மேசைக்கு எப்போதும் சண்டை.

19 ஆகஸ்ட் 2024

மறுபடியும் ஒரு திருத்தம். சேமித்த ஆட்டங்களின் கணக்கு என்று எழுதியது சரியில்லை. விளையாட்டைச் சேமிக்காமல் வெறுமனே போட்டு எடுத்தாலும் அது பதிவாகிறது. கார்டில் இயந்திர அமைப்பு என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும், அதற்குள்தான் எந்த விளையாட்டை எத்தனை முறை போட்டீர்கள் என்ற வரலாறு இருக்கிறது. 21 விளையாட்டுகளுக்கு இடம். தூண்கள் அதிலிருந்து எழுகின்றன.

8 எம்பி கார்டில் இடம் போதாமல் தவிக்கும்போது பலரும் முதலில் அழிப்பது அந்தக் கோப்பைத்தான், ஏனென்றால் அது எந்த விளையாட்டுக்கும் சொந்தமில்லாததுபோல் தெரியும். அழித்தால் ஆட்டம் ஒன்றும் கெடாது. தூண்கள் போய்விடும். அழிக்காதீர்கள்.

20 ஆகஸ்ட் 2024

கேட்டவர்களுக்கு: 64 எம்பி என்று போட்டு விற்கும் பெயர் தெரியாத கார்டுகளை நம்பாதீர்கள். பெட்டியில் கார்டுக்கு இரண்டு இடம் இருக்கிறது. இரண்டாவதில் இன்னொரு அசல் 8 எம்பி கார்டைச் செருகி, டிஸ்க் இல்லாமல் பெட்டியைப் போட்டால் வரும் பட்டியலில் ஒவ்வொன்றாக நகல் எடுக்கலாம். சில விளையாட்டுகள் நகலுக்கு இடம் தராது. முழுக் கார்டையும் கணினிக்கு அப்படியே எடுக்கும் வழியும் உண்டு, கடைக்கு வந்தால் செய்து தருகிறேன், பணம் வேண்டாம்.

8 செப்டம்பர் 2024

சிம்மக்கல் தம்பிக்கு நான் ஜூலையில் சொன்ன பதில் இரண்டு மாதமாக உறுத்துகிறது. எமுலேட்டரை நான் மதிக்காமல் பேசிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். இந்தக் கண்கள் ஒவ்வொன்றாக அணையும். இறந்த பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது எத்தனை காலத்துக்கு? இதன் மூளையாக இருக்கும் எமோஷன் எஞ்சின் சிப் 294 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும், வேறெங்கும் கிடைக்காத தனி அமைப்பு. பக்கத்தில் முதல் பிளேஸ்டேஷனின் மூளையையே உள்ளீட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள், பழைய டிஸ்க்குகள் இதில் ஓடியது அதனால்தான். இதையெல்லாம் ஆவணம் இல்லாமல், வெளியிலிருந்து தட்டித் தட்டிப் பார்த்து, பிசிஎஸ்எக்ஸ்2 என்ற மென்பொருளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பலர் இலவசமாக எழுதி வருகிறார்கள். அது பெரிய உழைப்பு. என் கையில் இருக்கும் திருப்புளிக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும். தம்பி, மன்னிக்கவும்.

ஆனால் மட்டை பிந்தும் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

13 அக்டோபர் 2024

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, திருப்புளி செட், சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர், அந்த 14 அங்குல டிவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மூன்றாம் மேசைப் பெட்டிக்கும் வைத்தேன். அப்போது தோன்றியதை எழுதுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல விரும்பியது இதுதான் என்று இப்போதுதான் எனக்கே தெளிந்தது.

ஒரு நிறுவனம் பழைய பொருளைத் தயாரிப்பதை நிறுத்தினால் அதில் தவறில்லை. நின்டென்டோ 1983-இல் வந்த ஃபேமிகாமை 2003 வரை தயாரித்தது, 2007 அக்டோபர் 31 வரை பழுது பார்த்தது. இருபத்து நான்கு வருடம்! யார் அதற்கு மேல் கேட்க முடியும்? உதிரி செய்த தொழிற்சாலை வேறு வேலைக்குப் போயிருக்கும், அச்சு தேய்ந்திருக்கும், அந்த வேலை தெரிந்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

எனக்கு வலிப்பது வேறு. நிறுத்தும் நாளில் சுற்றுப் பலகையின் வரைபடத்தையும் பழுது நீக்கும் கையேட்டையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டுப் போகலாமே? இனி அவர்களுக்கு அதில் வருமானம் இல்லை. ஊருக்கு ஊர் என்னைப் போல் ஒருவன் இருக்கிறான். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தெரியாமல், நல்ல பெட்டி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்து இரண்டையும் அளந்து அளந்துதான் நான் கற்றேன். அப்படிக் கற்றதில் மூன்று நல்ல பெட்டிகளைக் கொன்றிருக்கிறேன். ஒரு தாள் கையில் இருந்திருந்தால் அந்த மூன்றும் இன்று ஓடும்.

வீட்டை விற்பவர் கிணற்று ஊற்று எந்தப் பக்கம், செப்டிக் டேங்க் எங்கே என்று காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். அதுதான் முறை.

14 அக்டோபர் 2024

அனுப்பானடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, இந்தியாவிலேயே இதற்கு ஏற்பாடு வந்திருக்கிறதே என்று எழுதியிருக்கிறார். ஆம், மத்திய நுகர்வோர் துறை பழுது நீக்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவை அதில் வருகின்றன. நல்ல தொடக்கம்மா. உற்பத்தி நின்றுபோன பொருட்களுக்கும் அது நீள வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் படிப்பதாகச் சொல்கிறீர்கள். சனிக்கிழமை மாலையில் கடைக்கு வாருங்கள், அளக்கக் கற்றுத் தருகிறேன். எனக்குத் தெரிந்தது என்னோடு முடியக் கூடாது.

29 அக்டோபர் 2024

25-ஆம் தேதி மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது தெரியும். அங்கிருந்து இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன. ஒருவர் காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுநாளே மின்சாரம் கொடுத்துவிட்டார். பலகையில் சேறு ஒட்டியிருந்த இடமெல்லாம் கருகிவிட்டது. இன்னொருவர் தொடாமல் கொண்டு வந்தார், அது பிழைக்கும்.

தண்ணீர் பட்டால் வெயிலில் வைத்தால் மட்டும் போதாது. திறந்து, பலகையைக் கழற்றி, முதலில் சுத்தமான தண்ணீரில் சேற்றைப் போக்கி, பிறகு ஆல்கஹாலில் கழுவி, நிழலில் சில நாட்கள் காயவிட வேண்டும். அதுவரை பிளக் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று. ஒல்லி மாடலின் அடாப்டர் 8.5 வோல்ட். வெள்ளத்தில் போன அடாப்டருக்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரை மாட்டாதீர்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டி, பலகையைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள்.

22 டிசம்பர் 2024

மூன்றாம் மேசைக்குச் சண்டை போட்ட பையன்களில் ஒருவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மாலை கடைக்கு வந்தார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "அண்ணே, அந்தக் கார்டு இன்னும் இருக்கிறதா?"

இருந்தது. அவருடைய சேமிப்பும் இருந்தது. கிரிக்கெட் 07-இல் ஆஷஸ் தொடர், நான்கு டெஸ்ட் முடிந்து இரண்டுக்கு இரண்டு. 2012-இல் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். இன்வெர்ட்டர் நான்கு டிவியைத் தாங்கவில்லை, கடையை மூடினேன். சிட்னி டெஸ்ட் அப்படியே நின்றுபோனது.

நேற்று ஆடினார். முதல் அரை மணி நேரம் விரல்கள் பிடிபடவில்லை, நாற்பது ரன்னுக்குள் ஐந்து விக்கெட். பிறகு பேச்சை நிறுத்தினார். முதுகை வளைத்து, டிவிக்கு ஒரு முழம் தள்ளி, பழைய மாதிரியே உட்கார்ந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரவு பதினோரு மணிக்கு இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்தது, சேமித்தோம். ஜனவரி 5 அன்று திரும்பிப் போகிறாராம், அதற்குள் மீதி மூன்று நாள் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

23 டிசம்பர் 2024

செல்லூர்ப் பெட்டி ஓடுகிறது. சொந்தக்காரர் இந்த இழையைப் படிப்பதாகச் சொன்னார், அதனால் இங்கேயே சொல்கிறேன்: ஞாயிறு தவிர எந்த மாலையும் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஞாயிறு மட்டும் டிவி காலியாக இருக்காது. வரும்போது மெமரி கார்டை மறக்க வேண்டாம்.